பாக்குகோவின் உள்ளங்கையும் ஒரு வெந்நீர்ப் பாத்திரமும்

'மை ஹீரோ அகாடமியா' என்ற ஜப்பானிய மங்காவில் (படக்கதையில்), ஹீரோக்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியில் சேர்ந்த புதிதில் பாக்குகோ என்ற மாணவன் எறிந்த பந்து 705.2 மீட்டர் போனது. மூன்று மாதம் கழித்து, காட்டுக்குள் நடக்கும் கோடை முகாமில், ஆசிரியர் அய்சாவா பாக்குகோவின் கையில் பந்தைக் கொடுத்து மறுபடி எறியச் சொல்கிறார். இடையில் நிஜ வில்லன்களோடு மோதியிருக்கிறான், விளையாட்டு விழாவில் முதலிடம் வாங்கியிருக்கிறான். வாய் நிறைய வசவோடு உள்ளங்கையில் வெடிப்பைக் கிளப்பி எறிகிறான். 709.6. மூன்று மாதத்துக்கு நாலரை மீட்டர்கூட இல்லை.

மாணவர்கள் வில்லன்களிடம் மாட்டிக்கொள்ளும் அந்த முகாம் பகுதி இப்படித்தான் சூடுபிடிக்கிறது. அய்சாவா சொல்வது இது: உங்கள் நுட்பமும் மனமும் வளர்ந்திருக்கின்றன, ஆனால் சக்தி அப்படியே நிற்கிறது. குவிர்க், அதாவது ஆளுக்கொன்றாக வாய்த்த அந்த விசேஷ சக்தியும், உடலின் ஒரு பகுதிதான். தசையைப் போல வருத்தினால்தான் வளரும். அப்புறம் ஆளுக்கொரு சித்திரவதை. பாக்குகோவுக்குக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரம். அதில் கையை விட்டு வியர்வைச் சுரப்பிகளை விரியவைத்து, வெளியே எடுத்து வெடிக்க வேண்டும், திரும்பத் திரும்ப. அவனுடைய உள்ளங்கையில் சுரப்பது நைட்ரோகிளிசரின் என்ற வெடிதிரவம் போன்ற வியர்வை என்பதுதான் கதை.

முதல் வாசிப்பில் இந்தப் பக்கங்களை நான் வேகமாகத் தள்ளிவிட்டேன். எல்லாருக்கும் வில்லன்களின் அந்த இரவுத் தாக்குதல்தானே வேண்டும். இரண்டாவது தடவை அந்தப் பாத்திரத்தைத் தாண்ட முடியவில்லை. வியர்வைச் சுரப்பியைத் தசை மாதிரி வளர்க்க முடியுமா?

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் ஒரு ஜப்பானியர், உடலியல் அறிஞர் யாசு குனோ. வியர்வைக்கே வாழ்நாளைக் கொடுத்த மனிதர். வேலை செய்யும் சுரப்பிகளை அவர் எண்ணிப் பார்த்தபோது, குளிர்ப் பிரதேசத்து ஐனு மக்களுக்குச் சுமார் 14 லட்சம், ஜப்பானியர்களுக்குச் சுமார் 23 லட்சம், பிலிப்பைன்ஸ்காரர்களுக்குச் சுமார் 28 லட்சம் என்று வந்தது. வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்த ஜப்பானியர்களுக்கு எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. ஆனால் வளர்ந்தபிறகு அங்கே குடியேறியவர்களுக்குக் கூடவில்லை. எத்தனை சுரப்பிகள் விழித்துக்கொள்ளும் என்பது பிறந்து முதல் இரண்டு, இரண்டரை வயதுக்குள் முடிவாகிவிடுகிறது என்றார் குனோ. பதின்ம வயதில் முகாமுக்கு வந்து நிற்கும் பாக்குகோ ரொம்பவே தாமதம்.

அதற்காக அய்சாவாவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. எண்ணிக்கைதான் மாறாது; இருக்கும் சுரப்பி மாறும். தினமும் வெயிலில் உடம்பை வருத்தினால் பத்துப் பதினான்கு நாளில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகம் வரும், அதில் உப்பு குறையும். சுரப்பியும் பருக்கும். ராணுவமும் சுரங்கங்களும் புது ஆட்களை வெப்பத்துக்குப் பழக்குவது இந்த முறையில்தான். ஆக, பயிற்சி என்ற யோசனை சரி.

தப்பு அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது. தோல் வெகுநேரம் ஈரத்தில் ஊறினால் மேல்தோல் உப்பி, வியர்வைக் குழாயின் வாய் அடைபடும், வியர்வை குறைந்துவிடும். இன்னொரு வேடிக்கை: உள்ளங்கை அளவுக்கு மீறி வியர்ப்பவர்களுக்கு மருத்துவர்கள் செய்யும் ஒரு சிகிச்சை, கையைச் சாதாரணக் குழாய்த் தண்ணீர்த் தட்டில் வைத்து மெல்லிய மின்சாரம் பாய்ச்சுவது. சில வாரத்தில் வியர்வை அடங்கிவிடும். அதே முகாமில் மின்சார குவிர்க் உள்ள காமினாரியும் இருக்கிறான். அவன் அளவாக, தவறாமல், பாக்குகோவின் பாத்திரத்தில் விரல் வைத்திருந்தால், பின்னால் பாக்குகோவைக் கடத்திப்போகும் வில்லன்களுக்குக் கடத்த ஆள் இருந்திருக்காது.

ஆனால் உண்மையான சிக்கல் வேறு. உள்ளங்கை வெப்பத்தின் பேச்சை அவ்வளவாகக் கேட்பதில்லை. முதுகில் ஒரு சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 64 சுரப்பிகள் என்றால் உள்ளங்கையில் சுமார் 370. இவ்வளவு நெருக்கமாக இருந்தும், உடம்பைக் குளிர்விப்பது அவற்றின் முதல் வேலை இல்லை. மற்ற இடங்களில் வருவதை வெப்ப வியர்வை என்றும், உள்ளங்கை, உள்ளங்காலில் வருவதை மன வியர்வை என்றும் பிரித்துக் காட்டியவரும் குனோதான். பயம், கோபம், பதற்றம் எல்லாமே அதைக் கிளப்பும். ஆய்வகத்தில் மனக்கணக்கு போடச் சொன்னாலே போதும், கை ஈரமாகிவிடும். பொய் கண்டறியும் கருவி விரல்நுனியில் அளப்பதும் இந்த ஈரத்தைத்தான். பூனைக்கும் பாதத்தில்தான் வியர்க்கிறது. கொஞ்சம் ஈரமான தோல் பிடிமானத்துக்கு நல்லது. ஓடவோ தொற்றி ஏறவோ வேண்டிய நேரத்தில் கை நழுவக் கூடாதல்லவா.

கதையில் பாக்குகோ ஆரம்பத்தில் மந்தம், உடம்பு சூடேறச் சூடேற வலுக்கிறான், குளிர்காலம் அவனுக்கு ஆகாது. இதெல்லாம் முதுகு வியர்வையின் குணம். உள்ளங்கைக்கு ஏற்ற பயிற்சி வேண்டுமென்றால், அவனுக்கு ஆகவே ஆகாத சகமாணவன் மிடோரியாவைப் பக்கத்தில் நிற்கவைத்து "நீ நன்றாகத்தான் செய்கிறாய்" என்று நாலு தடவை சொல்லச் சொன்னால் போதும்.

அந்தக் கணக்குப்படி தாக்குதல் நடந்த இரவுதான் முகாமின் மிகச் சிறந்த வகுப்பு. இருட்டில் ஒருவரையொருவர் பயமுறுத்தும் விளையாட்டு, அதன் நடுவே நச்சுப் புகை, பற்களையே கத்தியாக நீட்டும் வில்லன் மூன்ஃபிஷ் எதிரே. சகமாணவன் டோடோரோகியோடு நிற்கும் பாக்குகோவின் கையில் அந்த வினாடி இருந்திருக்கும் ஈரத்தை எந்த வெந்நீரும் கொடுக்காது. பாவம், காடு பற்றிக்கொள்ளும் என்பதால் அதைப் பெரிதாக வெடிக்கவும் முடியவில்லை.

சரி, அந்த ஈரம் ஏன் வெடிக்கிறது? நைட்ரோகிளிசரினில் அப்படியொன்றும் பிரமாதமான ஆற்றல் இல்லை. ஒரு கிராமில் ஆறு கிலோஜூலுக்குச் சற்று மேல். ஒரு கிராம் சர்க்கரையில் அதைவிட இரண்டரை மடங்கு இருக்கிறது. ஆனால் சர்க்கரை எரிய வெளியிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர வேண்டும். நைட்ரோகிளிசரின் மூலக்கூறு தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கூடவே சுமந்துகொண்டிருக்கிறது. எரிபொருளும் காற்றும் ஒரே மூட்டையில். மூட்டை அவிழ்ந்தால் வெடிப்பலை நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஒரு மில்லிலிட்டர்கூட வராத ஒரு கிராம் திரவம், அறை வெப்பநிலைக்கே கணக்கிட்டாலும், நீராவியையும் சேர்த்து முக்கால் லிட்டர் வாயுவாகிவிடும். வெடிக்கும் சூட்டில் அது இன்னும் பல மடங்கு.

இதை உடம்பு தயாரிக்குமா? கொழுப்பு உடையும்போது கிளிசரின் நமக்குள்ளேயே கிடைக்கிறது. ஆனால் அதை நைட்ரோகிளிசரின் ஆக்க, அடர்ந்த நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் வேண்டும், தண்ணீர் கூடாது, சூடு ஏறவே கூடாது. ஸ்காட்லாந்தில் ஆர்டீரில் இருந்த நோபெலின் ஆலையில், வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளிக்கு ஒற்றைக்கால் ஸ்டூல்தான் கொடுத்தார்கள். கண் அசந்தால் கீழே விழுவான். அந்த வேலையை, 99 சதவீதம் தண்ணீராக உள்ள வியர்வை கொதிநீரில் செய்துகாட்டுகிறது என்றால், அதற்குத்தான் குவிர்க் என்று பெயர்.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் தலைவலி பற்றியது. 1847இல் நைட்ரோகிளிசரினை முதலில் தயாரித்த இத்தாலியர் சொப்ரெரோ, துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார், மண்டை பிளந்தது. இந்தத் திரவம் தோல் வழியாகவே உள்ளே போய், நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையின் வேலையும் அதுதான். டைனமைட் ஆலைத் தொழிலாளிகளுக்கு வாரத்தின் நடுவில் உடம்பு பழகிவிடும். ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திங்கள் காலை ஆலைக்குள் நுழைந்ததும் தலை தெறிக்கும்.

சின்ன வயதிலிருந்தே வெடித்துவரும் பாக்குகோவின் உடம்பு பழகியிருக்கலாம். ஆனால் முகாமிலிருந்து கடத்திப்போனவர்கள் இரண்டு நாள் அவன் கைகளைப் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டை அவிழ்த்த கையோடு அவன் வில்லன்களின் தலைவன் ஷிகராகியின் முகத்தில் ஒன்று வெடிக்கிறான். அடுத்த கட்டத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காராமல், நிமிர்ந்து நின்று வசனம் பேசுகிறான்.