இரவெல்லாம் குழாயில் தங்கிய நீர்

ஊர்க் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பி, ‘காரீயம் இல்லை’ என்று அறிக்கை வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அறிக்கை சரியானதுதான். ஆனால் அது கிணற்றைப் பற்றிச் சொல்கிறது, உங்கள் சமையலறை டேப்பைப் பற்றி அல்ல. குடிநீரில் காரீயம் பெரும்பாலும் கிணற்றிலோ ஏரியிலோ சேர்வதில்லை. தெரு மெயினிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இணைப்புக் குழாய், வீட்டுக்குள் ஓடும் குழாயின் மூட்டுகளை ஒட்டும் உலோகக் கலவையான பற்றாசு, பித்தளை வால்வு, டேப் என்று கடைசிச் சில மீட்டரில்தான் ஏறுகிறது. ஒரே தொட்டி நீரைக் குடிக்கும் இரண்டு பக்கத்து வீடுகளில் ஒன்று பாதுகாப்பாகவும் மற்றொன்று ஆபத்தாகவும் இருக்க முடிவது இதனால்தான்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, அதை முதலில் தீர்த்துக்கொள்வோம். வெள்ளீயம் (டின்) வேறு, காரீயம் (லெட்) வேறு. நஞ்சு காரீயம்தான். பழைய பற்றாசில் இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதியாகக் கலந்திருக்கும். பித்தளையைக் கடைவது எளிதாக வேண்டும் என்பதற்காக அதிலும் சில சதவீதம் காரீயம் சேர்ப்பது நெடுநாள் வழக்கம்.

காரீயக் குழாயில் நீர் ஓடத் தொடங்கியதும் அதன் உட்சுவர் ஆக்சிஜனோடும் கார்பனேட்டோடும் வினைபுரிந்து வெள்ளைப் படலம் கட்டுகிறது. அந்தப் படலம்தான் குழாய்க்கும் நீருக்கும் நடுவே நிற்கும் காவல். நீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7-க்குக் கீழே இறங்கி அமிலமானாலோ, காரத்தன்மை குறைந்த மென்னீராக இருந்தாலோ படலம் கரையும். நீர் அசையாமல் நிற்கும்போது முதல் சில மணி நேரத்தில் காரீய அளவு வேகமாக ஏறி, பிறகு மெல்ல ஒரு நிலைக்கு வந்து நிற்கும். விடிந்ததும் முதலில் பிடிக்கும் நீரைச் சந்தேகிக்க வேண்டிய காரணம் இதுவே.

நீரின் வேதியியலை மாற்றினால் படலமும் மாறும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் 2000-இல் கிருமிநீக்கத்துக்கு குளோரினை விட்டு குளோரமைனுக்கு மாறியது. குளோரின் இருந்தவரை நிலையாக நின்ற காரீய டைஆக்சைடு படலம் அதன் பிறகு கரையத் தொடங்கி, வீடுகளில் காரீயம் எகிறியது. அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரம் 2014-இல், குழாய் அரிக்காமல் காக்கும் அரிமானத் தடுப்பு மருந்தைச் சேர்க்காமல் ஆற்று நீருக்கு மாறியபோதும் பழைய படலங்கள் குலைந்தன. சிற்றூர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். புதுக் கிணறு இணைப்பதும் குளோரின் மருந்தை மாற்றுவதும் குழாய்களையும் சேர்த்தே பாதிக்கும் முடிவுகள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அரை மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு காரீயத் துணுக்கின் எடை சுமார் 1 மில்லிகிராம். அது முழுதும் கரைந்தால் 100 லிட்டர் நீரை அந்த அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். 10-க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, தீங்கில்லாத அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. உடல் காரீயத்தைக் கால்சியமென்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர்கள் உடல் பத்தில் ஒரு பங்கு போல ஏற்றால், சிறு குழந்தைகள் உடல் பாதி வரை ஏற்கும். பால்மாவை டேப் நீரில் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைதான் மிக அதிக ஆபத்தில் இருக்கிறது. குளிப்பதால் தோல் வழியே காரீயம் குறிப்பிடும்படி ஏறாது.

வீட்டில் இருப்பது என்ன குழாய் என்று பார்க்க ஒரு நாணயமும் காந்தமும் போதும். நீர் மீட்டருக்கு அருகே குழாயை நாணயத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மெத்தென்று சுரண்டப்பட்டு, வெள்ளிபோல் பளிச்சென்று மின்னி, காந்தமும் ஒட்டவில்லையென்றால் காரீயம். காந்தம் ஒட்டினால் இரும்பு. செம்பழுப்பாகத் தெரிந்தால் செம்பு, அப்போது மூட்டுகளிலுள்ள பற்றாசைக் கவனியுங்கள். துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய்க்கு முன்னால் எப்போதாவது காரீயக் குழாய் இருந்திருந்தால், அதன் துருவிலும் காரீயம் படிந்திருக்கும். அது பிற்காலத்தில் உதிரும்.

சோதனை எடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். குறைந்தது 6 மணி நேரம் வீட்டில் எந்த டேப்பையும் திறக்கக் கூடாது, கழிப்பறைத் தொட்டியும் நிரம்பக் கூடாது. டேப் முனைச் சல்லடையைக் கழற்றாமல், வாயகன்ற 1 லிட்டர் பாட்டிலில், வழக்கமாகத் தண்ணீர் பிடிக்கும் வேகத்திலேயே முதல் நீரைப் பிடியுங்கள். சொட்டுச் சொட்டாகப் பிடித்தால் துணுக்குகள் வராமலே போய், எண் குறைவாகக் காட்டும்.

ஒரு பாட்டில் போதாது, அடுத்தடுத்து ஆறு பாட்டில் பிடிப்பது நல்லது. கணக்கு எளிது. உள்விட்டம் 15 மி.மீ. உள்ள குழாயில் மீட்டருக்குச் சுமார் 175 மில்லி நீர் நிற்கும், 20 மி.மீ. குழாயில் சுமார் 315 மில்லி. சமையலறையிலிருந்து நீர் மீட்டர் வரை 15 மி.மீ. குழாய் 12 மீட்டர் என்றால் 2.1 லிட்டர். அங்கிருந்து தெரு மெயின் வரை 20 மி.மீ. குழாய் 10 மீட்டர் என்றால் 3.1 லிட்டர். ஆக, முதல் இரண்டு பாட்டில் வீட்டுக்குள் நின்ற நீர், மூன்று முதல் ஐந்து வரை இணைப்புக் குழாயில் நின்றது, ஆறாவது தெருவிலிருந்து வருவது. முதல் பாட்டிலில் மட்டும் எண் உயர்ந்தால் டேப்பும் வால்வும். நான்காவதில் உயர்ந்தால் மண்ணுக்குள் காரீயக் குழாய். ஒழுங்கே இல்லாமல் ஒரு பாட்டிலில் மட்டும் எண் தாவி நின்றால் துணுக்கு. முதல் பாட்டிலை மட்டும் சோதித்து ‘சரியாக இருக்கிறது’ என்று விட்டால், மண்ணுக்குள் இருப்பது தெரியாமலே போய்விடும்.

டிடிஎஸ் மீட்டரை நம்பாதீர்கள். அது நீரில் கரைந்துள்ள உப்பை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் காட்டும் கருவி. காரீயத்தின் 10 மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்குதான், அசைவே தெரியாது.

குழாயை மாற்றும்வரை என்ன செய்யலாம்? மேற்கண்ட வீட்டில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வேகத்தில் திறந்துவிட்டால் மெயின் நீர் வந்து சேரவே ஏறக்குறைய ஒரு நிமிடம், குழாய் நன்றாகக் கழுவப்பட மூன்று முதல் ஐந்து நிமிடம். அந்த நீரைத் துணி துவைக்கப் பயன்படுத்தலாம், வீணாக்க வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் குளிர்நீர் டேப் மட்டுமே, வெந்நீர் காரீயத்தை இன்னும் கரைக்கும். கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும், காரீயத்தை எடுக்காது. 1 லிட்டர் நீர் முக்கால் லிட்டராகச் சுண்டினால் அதே காரீயம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் செறிவோடு நிற்கும். வடிகட்டி வாங்கினால் காரீயம் நீக்குவதற்கென்று என்எஸ்எஃப்/ஆன்சி 53 என்ற அமெரிக்கத் தரச்சான்று உள்ளதா என்று பாருங்கள், ஆர்ஓ என்றால் 58. குளோரின் வாடை போக்கும் சாதாரணக் கரி வடிகட்டி இதற்கு உதவாது. வடிகட்டும் உருளையைக் கெடு தாண்டியும் வைத்திருந்தால் சான்றுக்கு அர்த்தமில்லை.

ஊர் அளவில், அமில நீரை உடைத்த சுண்ணாம்புக்கல் படுகை வழியே செலுத்தினால் பிஎச்சும் காரத்தன்மையும் ஏறும். சிறு நீர்த்திட்டத்துக்கு ஏற்ற எளிய வழி இது, கல் கரையக் கரைய நிரப்பினால் போதும். ஆர்த்தோபாஸ்பேட் என்ற பாஸ்பேட் உப்பை நீரில் கலந்தால் காரீயத்தின் மேல் எளிதில் கரையாத பாஸ்பேட் படலம் கட்டும், ஆனால் ஒரு நாள் விடாமல் கலக்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வு மெயினிலிருந்து வீடு வரை முழுக் குழாயையும் மாற்றுவதுதான். பாதியை மட்டும் செம்பாக மாற்றி, மீதிக் காரீயத்தோடு இணைப்பதை எதிர்த்தே சொல்கிறோம். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் மின்கலம்போல் வினை நடந்து காரீயம் வேகமாக அரிக்கப்படும், வெட்டிய அதிர்வில் பழைய படலமும் உதிரும். முழுதாக மாற்றிய பிறகும் அன்றே எல்லா டேப் முனைச் சல்லடைகளையும் கழற்றிவிட்டு, கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு குளிர்நீர் டேப்பாக முழுதும் திறந்து, எல்லாம் சேர்ந்து 30 நிமிடம் ஓடவிடுங்கள். கழற்றிய சல்லடையைக் கவிழ்த்துத் தட்டினால் சாம்பல் நிறத் துணுக்குகள் விழலாம். அவற்றைக் கழுவி நீக்கிய பிறகே மீண்டும் மாட்டுங்கள், சில மாதங்களுக்கு வடிகட்டியை நிறுத்தாதீர்கள்.