தண்ணீரை வைத்து பிசிஆர் ஓட்டுவது எதற்கு?

ஒரு வாசகர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். மகள் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டுப் புலி ஆராய்ச்சி என்று சொல்லித்தான் சேர்ந்தாளாம். காட்டுக்குப் போகப்போகிறாளே என்று வீட்டில் பயந்துகொண்டிருந்தால், அவள் ஆய்வகத்தில் உட்கார்ந்து வெறும் தண்ணீரை வைத்து பிசிஆர் ஓட்டிக்கொண்டிருக்கிறாளாம். "இதில் புலி எங்கே இருக்கிறது?" என்கிறார்.

நியாயமான கேள்விதான். தண்ணீர் மட்டும் விட்ட அந்தச் சோதனைக் குழாயில் எதுவும் வராமல் இருந்தால்தான் மற்ற குழாய்களில் வருவதைப் புலி என்று நம்ப முடியும்.

புலியைப் பிடித்து ரத்தம் எடுப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் காட்டுப் பாதையில் கிடக்கும் எச்சத்தை எடுக்கிறார்கள். குடலின் உள்சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள் எச்சத்தின் வெளிப்பரப்பில் ஒட்டிக்கொண்டு வரும், அதில் புலியின் டிஎன்ஏ இருக்கும். முழுசாக அள்ள வேண்டியதில்லை, அள்ளவும் கூடாது, அது புலி தன் எல்லைக்கு வைத்த அடையாளமும்கூட. மேல்தோலை மட்டும் சுரண்டி எத்தனாலில் போட்டால் போதும். ஆனால் அதற்குள் வெயிலும் மழையும் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கியிருக்கும். கூடவே அது தின்ற புள்ளிமானின் டிஎன்ஏ, கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் டிஎன்ஏ. புலியின் பங்கு ரொம்பச் சொற்பம்.

அந்தச் சொற்பத்தைப் பெருக்கத்தான் பிசிஆர். கோவிட் காலத்துக்குப் பிறகு இதை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 95 டிகிரியில் இரண்டு இழைகளும் பிரியும், சூட்டைக் குறைத்தால் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சின்ன டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள் போய் ஒட்டும், 72 டிகிரியில் நொதி புது இழையைக் கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு, 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். இதை 1983-இல் யோசித்த கேரி முல்லிஸுக்கு 1993-இல் நோபல் கிடைத்தது. அதே முல்லிஸ் ஜோதிடத்தை நம்பியவர், எய்ட்ஸுக்கு எச்ஐவி காரணமில்லை என்றும் பேசிக்கொண்டிருந்தவர். ஆயுத பூஜைக்கு பிசிஆர் மெஷினுக்குக் குங்குமம் வைக்கிற ஆய்வகங்களைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். மெஷினுக்கு வெளியே இருக்கிற வரைக்கும் குங்குமத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. தண்ணீர்க் குழாய் வைக்காமல் ஓட்டுகிறவர்கள்மேல்தான் புகார்.

ஏனென்றால் இந்தப் பெருக்கலுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. நன்றாக ஓடி முடித்த குழாயின் மூடியைப் பெருவிரலால் பட்டென்று திறந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிதறல் காற்றில் பறக்கும், அதில் லட்சக்கணக்கான நகல்கள் இருக்கும். அது கையுறையில், துளியை அளந்து எடுக்கிற பைப்பெட்டில், நாளைக்கு ஓட்டப்போகிற குழாயில் போய் உட்காரும். எச்சத்திலிருந்து எடுத்த சாற்றில் புலியின் டிஎன்ஏ விரல்விட்டு எண்ணுகிற அளவில் இருக்கும்போது, நேற்றைய புலியின் நகல் லட்சக்கணக்கில் உள்ளே விழுந்தால் இன்றைக்கும் நேற்றைய புலிதான் வரும். அதனால்தான் டிஎன்ஏ எடுக்கிற அறை தனி, பெருக்கியதைத் திறக்கிற அறை தனி. இரண்டாவது அறைக்குப் போனவர் அன்றைக்கு முதல் அறைக்குத் திரும்பி வரக்கூடாது. மூடியைத் திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று சுற்றி, மூடியில் ஒட்டியதைக் கீழே இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எச்சச் சாறுக்குப் பதிலாகத் தண்ணீர் மட்டும் விட்ட ஒரு குழாய் வேண்டும். அதற்கு 'பிளாங்க்' என்று பெயர். பிளாங்கில் ஏதாவது வந்துவிட்டால் அன்றைய ஓட்டம் மொத்தமும் குப்பைக்குப் போகும். புதிதாக வருகிறவர்களின் பிளாங்கில் ஆரம்பத்தில் ஏதாவது வரத்தான் செய்யும். வாசகரின் மகள் இப்போது பழக்கிக்கொண்டிருப்பது தன் கையை.

சரி, பிளாங்க் சுத்தமாக வந்துவிட்டது என்று வையுங்கள். அப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த சிக்கல் ஆரம்பிக்கிறது.

இது எந்தப் புலி என்று சொல்ல, டிஎன்ஏவில் சிஏசிஏசிஏ என்று ஒரே எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வரும் இடங்களைப் பார்ப்பார்கள். மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். ஒரு புலிக்கு அப்பா வழியில் 14 தடவை, அம்மா வழியில் 17 தடவை என்று இருக்கலாம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்களின் நீளத்தை அளந்தால் பெரும்பாலும் ஆளைப் பிரித்துவிடலாம். ரத்தமாக இருந்தால் பிரச்சினையே இல்லை, 14, 17 இரண்டுமே பளிச்சென்று தெரியும். எச்சத்தில் அப்படியில்லை. நீங்கள் பைப்பெட்டில் எடுக்கிற ஒரு துளியில் அந்த இடத்தின் டிஎன்ஏ ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், அது 14 ஆக இருக்கலாம். பிசிஆர் அதை நூறு கோடியாக்கி, பிசிறில்லாத அழகான முடிவாகக் கையில் கொடுக்கும்: 14, 14. இதே புலியின் இன்னொரு எச்சத்தில் 17, 17 வரும். மூன்றாவது நல்ல மாதிரி, அதில் 14, 17 வரும். இருப்பது ஒரு புலி, கணக்கில் மூன்று புலி. மெஷினில் பழுதில்லை, பிளாங்க் சுத்தம், முடிவு மட்டும் பொய்.

இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான். இங்கேதான் ஒரு வேடிக்கை. 14, 17 இரண்டும் இரண்டு தடவை தெரிந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். வெறும் 14 மட்டும் வந்தால்தான் தலைவலி. 17 உண்மையிலேயே இல்லையா, இல்லை நம் துளியில் வரவில்லையா? படுமோசமான நிலையை எடுத்துக்கொள்வோம், ஒவ்வொரு துளியிலும் ஒரே ஒரு மூலக்கூறுதான் மாட்டுகிறது. அப்போது இது நாணயம் சுண்டுவதுதான். ஏழு தடவையும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு 64-இல் 1. பிரான்ஸின் பியர் தபர்லேயும் கூட்டாளிகளும் 1996-இல் இப்படித்தான் கணக்குப் போட்டு, குறைவான டிஎன்ஏ இருந்தால் தனித்தனிக் குழாய்களில் பலமுறை ஓட்டித்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதினார்கள். பெங்களூரு என்சிபிஎஸ் என்கிற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் உமா ராமகிருஷ்ணன் குழுவினர், பந்திப்பூரில் எச்சத்தை வைத்துப் போட்ட புலிக் கணக்கைத் தானியங்கிக் கேமரா கணக்கோடு ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். அப்படி ஒரு ஒப்பீட்டை வெளியிடும் துணிச்சலுக்குப் பின்னால் இந்தத் திரும்ப ஓட்டல்தான் இருக்கிறது.

ஆனால் திரும்ப ஓட்டப் பணம் வேண்டும். 100 எச்சம், 12 இடம், ஒவ்வொன்றும் நான்கு தடவை என்றால் 4,800 பிசிஆர். சில இடங்களை ஒரே குழாயில் சேர்த்து ஓட்டிக் குறைக்கலாம், அதற்குமேல் குறைக்க முடியாது. ஆராய்ச்சி நிதிக்கு மனுப் போட்டால், "ஒரு தடவை செய்தால் போதாதா?" என்று கேட்கிற ஆள் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தராவது இருப்பார். அந்தக் கேள்வி என் காதிலும் விழுந்திருக்கிறது, பதில் சொல்கிற இடத்தில் நான் நின்றபோது. புது மெஷின் வாங்கப் பணம் தருவார்கள், திறப்பு விழா வைக்கலாமே. பிளாங்குக்கும் நான்காவது ஓட்டத்துக்கும் திறப்பு விழா கிடையாது.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்றும் வாசகர் கேட்டிருக்கிறார். புலியோடு நிற்கிற படிப்பில்லை இது. பறிமுதல் செய்த இறைச்சி மானா ஆடா என்று நீதிமன்றத்துக்குச் சொல்வதும் இதே கைவேலைதான், ஹைதராபாத்தில் இருக்கிற செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பி அதைப் பல வருடங்களாகச் செய்கிறது. 2020-இல் அதே சிசிஎம்பியில் கோவிட் பரிசோதனையும் நடந்தது. நிரந்தர வேலைகள் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. இப்போதைக்கு மகளிடம் கேட்க வேண்டியது வேறு. ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், காகிதத்தில். அது மாதாமாதம் வருகிறதா, இல்லை மூன்று நான்கு மாதம் சேர்ந்து மொத்தமாக வருகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் அதுவரை ஹாஸ்டல் வாடகைக்கும் மெஸ் பில்லுக்கும் வீட்டிலிருந்துதான் பணம் அனுப்ப வேண்டியிருக்கும்.