விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: "பவர் பட்டனை அழுத்தினால் லேப்டாப்பில் விசிறி சுற்றுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். ஓடிவிட்டது. ராகு காலத்தில் வாங்கியதுதான் கோளாறு என்கிறார் பாட்டி. உண்மையில் என்ன நடந்தது?"

பட்டனை அழுத்தியதும் பிராசசர் விழிக்கும், மதர்போர்டில் உள்ள சின்ன ஃபிளாஷ் சிப்பிலிருந்து பயாஸ் என்ற தொடக்க நிரலை வாசிக்கும், அது எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் இருக்கும் விண்டோஸை எழுப்பும். இது பலருக்கும் தெரிந்ததுதான். லோகோ வந்து நின்றுபோனால் எஸ்எஸ்டியையோ விண்டோஸையோ பார்க்க வேண்டும். லோகோவே வராவிட்டால் சிக்கல் அதற்கும் முன்னால் இருக்கிறது.

பிராசசர் விழிக்கும் நேரத்தில், வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகமான ரேம் இன்னும் வேலைக்குத் தயாராகியிருக்காது. பயாஸ் தன் முதல் கணக்குகளை எழுதிவைக்கக்கூட இடமில்லை. அதனால் பல லேப்டாப்களில் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்தைத் தற்காலிக ரேமாக வைத்துக்கொண்டு, நிஜ ரேமைப் பழக்குகிறது. இதற்குப் பெயரே மெமரி டிரெய்னிங்.

ஏன் பழக்க வேண்டும்? டிடிஆர்4 3200 ரக ரேமில் ஒவ்வொரு தடத்திலும் வினாடிக்கு 320 கோடி பிட்கள், அதாவது பூஜ்யங்களும் ஒன்றுகளும், ஓடுகின்றன. போர்டின் செம்புத் தடத்தில் மின்சைகை ஒரு நானோ வினாடியில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் போகும். கணக்குப் போட்டால் ஒரு பிட்டின் நீளம் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஒரு பூஜ்யத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம்! இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த நாளின் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

இப்படி 64 தடங்கள். எல்லா பிட்டும் ஒரே சமயத்தில் வந்து சேர வேண்டும். பல மதர்போர்டுகளில் ரேம் ஸ்லாட் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், சில தடங்கள் நேராகப் போகாமல் சிக்குக் கோலம் மாதிரி நெளிந்து போவது தெரியும். கிட்டே இருப்பவற்றின் நீளத்தைக் கூட்டத்தான் அந்த நெளிவு. அப்படியும் துளி வித்தியாசம் மிஞ்சும். அதனால் பயாஸ் தெரிந்த ஒரு பிட் வரிசையை எழுதி, திரும்ப வாசிக்கிறது. தப்பாக வந்தால் வாசிக்கும் கணத்தை சில பிக்கோ வினாடிகள் தள்ளுகிறது. மறுபடி வாசிக்கிறது. எங்கே சரியாக வர ஆரம்பிக்கிறது, எங்கே மறுபடி தப்பாகிறது என்று இரண்டு ஓரத்தையும் கண்டுபிடித்து, நட்டநடுவில் உட்கார்ந்துகொள்கிறது. தடம் தடமாக இதே வேலை.

ரேமின் பொன்முலாம் பூசிய பற்களில் ஒன்றில் அழுக்கோ உப்புக் காற்றின் படிவோ இருந்தால், அந்தத் தடத்தில் சரியான இடமே அகப்படாது. பயாஸ் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான லேப்டாப்பில் திரைக்கான படமும் இதே ரேமில்தான் தயாராகிறது. ஆகவே என்ன கோளாறு என்று திரையில் எழுதிக் காட்டவும் வழியில்லை. மிச்சமிருப்பது அந்தக் கேப்ஸ் லாக் விளக்குதான். எத்தனை முறை மின்னினால் என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த அட்டவணையை லேப்டாப்பின் அடியிலேயே அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை மறைத்து வைத்தால் பாட்டி பஞ்சாங்கத்தில்தான் தேடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வீட்டிலேயே பார்ப்பதென்றால், சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்ற வருமென்றால் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்னூட்டம் வடியும். அப்புறம் ரேமைக் கழற்றி மாட்டுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ரப்பர் வேண்டாம், மெல்லிய பொன்முலாம் தேய்ந்துபோகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடும் மெலிந்த லேப்டாப்களில் கழற்றி மாட்ட வழியில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

இதையெல்லாம் எழுதி அனுப்பிய பிறகு அந்த மாணவி கூடுதலாக ஒரு ரேம் வாங்கி மாட்டினார். புது ரேம் என்றால் பழக்கும் வேலை முதலிலிருந்து தொடங்கும், சில நிமிடம்கூட ஆகலாம், அணைத்துவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு நிமிடம் தாண்டியும் திரை கருப்பாகவே இருந்ததாம். விரல் பட்டன் வரை போய்விட்டு, திரும்பி வந்ததாம். அப்புறம் லோகோ வந்தது.