ஜெனரிக் என்றால் நகலா? ஒரு சொல்லும் அதன் விலையும்

‘நகல் மருந்து’ என்று யாராவது எழுதியதைப் பார்த்தால் எனக்கு பிரஷர் ஏறுகிறது. அதற்கு மாத்திரை வாங்கப் போனால் கடையிலும் அதே சொல்தான் காத்திருக்கிறது. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மெடிக்கலில் வயதான ஆச்சி ஒருவர் சுகர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். கடைப்பையன் நல்ல மனதோடு, “இதே மருந்து ஜெனரிக்ல இருக்கு ஆச்சி, விலை கம்மி” என்றான். பக்கத்தில் நின்ற படித்த மனிதர் உடனே விளக்கம் கொடுத்தார்: “ஜெனரிக்னா நகல் மருந்து.” ஆச்சி பையனைப் பார்த்து, “நகலெல்லாம் நமக்கு வேணாம்ப்பா, அசலாவே குடு” என்று சொல்லிக் கூடுதல் பணத்தை எண்ணி வைத்தார். அந்தச் சுகர் மருந்தின் பெயர் மெட்ஃபார்மின். மெட்ஃபார்மினுக்குப் பதில் மெட்ஃபார்மினைத்தான் அவர் வேண்டாம் என்றார். ஒரு தப்பான மொழிபெயர்ப்பு மாதாமாதம் ஒரு குடும்பத்தின் பையில் கைவைக்கும் என்றால் அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘கெனுஸ்’ என்றால் பிறப்பு, குலம், வகை. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ‘ஜெனரிக்’: ஒரு வகை முழுவதற்கும் உரியது, தனி ஒருவருக்கு உரியதல்லாதது என்று பொருள். ‘ஜெனடிக்’ என்பது இதற்குத் தூரத்து உறவு, அவ்வளவுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘மரபணு மருந்து’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

மருந்துக்கு வருவோம். ஒரு மருந்துக்கு மூன்று பெயர்கள் உண்டு. முதலாவது வேதிப்பெயர். அது வேதியியல் வாத்தியார்களுக்கு. நம் வாயில் நுழையாது. இரண்டாவது, உலக நலவாழ்வு நிறுவனம் சூட்டும் பெயர். 1950இல் இதற்கான தீர்மானம் வந்து, 1953இல் முதல் பட்டியல் வெளியானது. பாராசிட்டமால், மெட்ஃபார்மின், ஆம்லோடிபின் எல்லாம் இந்தப் பெயர்கள். மூன்றாவது, விற்கிற கம்பெனி தானே வைத்துக்கொள்ளும் பெயர். க்ரோசின், கால்பால், டோலோ என்று அட்டைக்கு அட்டை மாறும். உள்ளே இருப்பது அதே பாராசிட்டமால்.

இரண்டாவது வகைப் பெயர்களில் ஒரு அழகு இருக்கிறது. அவற்றின் வால் குடும்பத்தைச் சொல்லும். பிரஷருக்குத் தரும் டெல்மிசார்டன், லோசார்டன் இரண்டும் ‘சார்டன்’ குடும்பம். அட்டெனலால், மெட்டோப்ரலால் இரண்டும் ‘லால்’ என்று முடியும். கொழுப்புக்குத் தரும் அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடினில் ‘ஸ்டாடின்’ வால். தன் சீட்டில் ‘சார்டன்’ என்று முடிகிற மாத்திரை இரண்டு இருந்தால் நோயாளியே நிமிர்ந்து உட்கார்ந்து, “டாக்டர், ரெண்டும் ஒரே குடும்பமா?” என்று கேட்கலாம். கம்பெனிப் பெயரை வைத்துக்கொண்டு அப்படிக் கேட்க வழியே இல்லை.

ஆக, ‘ஜெனரிக்’ என்ற அடை முதலில் ஒட்டுவது பெயரோடு. அந்தப் பெயரில் விற்கப்படுவதால் மருந்துக்கும் அது ஒட்டிக்கொண்டது. தமிழாக்கம் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். பெயருக்கு உரிய அடையைப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் தலையில் கட்டுகிறார்கள். அப்புறம் மருந்தே ஏதோ வேறு ரகம் என்று ஆகிவிடுகிறது.

‘நகல்’ என்ற சொல்லைப் பாருங்கள். அசல், நகல் இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர நகல் கேட்கும்போது அது கௌரவமான சொல்தான். ஆனால் கடைத்தெருவில் நகல் என்றால் டூப்ளிகேட், போலி. போலி மருந்து என்பது சட்டப்படி குற்றம். ஜெனரிக் என்பது உரிமம் பெற்ற ஆலையில், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கண்காணிப்பில் தயாராவது. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் அந்த ஆச்சி எதை நினைப்பார்?

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ‘பிராண்டு’ என்றால் பெரும்பாலும் அந்த மருந்தை முதலில் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிய கம்பெனியின் சரக்கு. காப்புரிமை முடிந்த பிறகு மற்றவர்கள் செய்வது ஜெனரிக். 1984இல் வந்த ஹாட்ச்-வாக்ஸ்மன் சட்டம் அதற்கான பாதையைத் திறந்தது. இன்று அங்கே பத்துச் சீட்டில் ஒன்பதுக்கு ஜெனரிக்தான் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு ஜெனரிக் தயாரிப்பாளர் வந்தாலே தயாரிப்பாளர் வாங்கும் விலை 39 விழுக்காடு குறைகிறது என்றும், ஆறு பேரோ அதற்கு மேலோ வந்தால் 95 விழுக்காட்டுக்கும் கூடுதலாகக் குறைகிறது என்றும் அவர்களுடைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. நம் ஊர் கதை வேறு. 1970இன் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்றது. செய்முறைக்கு மட்டும்தான் கொடுத்தது. 2005 வரை அதுதான் நிலைமை. அந்தக் காலத்தில் வளர்ந்த நம் கம்பெனிகள் ஒரே மருந்தை ஆளுக்கொரு பெயரில் விற்றன. ஆகவே ஆச்சி ‘அசல்’ என்று காசு கொடுத்து வாங்கினாரே, அதுவும் கண்டுபிடித்தவன் செய்ததல்ல. அமெரிக்கக் கணக்கில் அதுவும் ஜெனரிக்தான், பெயர் சூட்டிக்கொண்ட ஜெனரிக். நகல் என்று திட்டுவதானால் இரண்டையும் திட்ட வேண்டும். ஒன்றை அசலாக்கி மற்றொன்றை நகலாக்குவது மொழிபெயர்ப்பாகாது, விளம்பரமாகும். (எங்கள் பக்கத்தில் அசல் என்றால் வட்டிக்கு விட்ட முதல் என்றும் ஒரு பொருள். ஆச்சி கொடுத்த கூடுதல் பணத்தை வட்டி என்று எழுதிக்கொள்ளலாம்.)

அடுத்தது ‘பொது மருந்து’. அரசு அறிவிப்பிலும் செயலிகளிலும் இது உலவுகிறது. பொது மருத்துவம் என்றால் ஜெனரல் மெடிசின். பொது மருத்துவமனை என்றால் ஜி.எச். அந்த வரிசையில் பொது மருந்து என்றால் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்றோ, தர்ம ஆஸ்பத்திரியில் சும்மா தருவது என்றோதான் காதில் விழும். ‘பொதுவான மருந்து’ இன்னும் மோசம். தேவகோட்டையில் என் உறவுக்காரர் ஒருவர் செயலியில் ‘பொதுவான மருந்தைக் கேளுங்கள்’ என்று படித்துவிட்டு, “பொதுவா எல்லாரும் எந்த மாத்திரை சாப்பிடுறாகளோ அதைக் கேக்கணுமா?” என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

‘மலிவு விலை மருந்து’ என்பதும் விளக்கமாகாது. மலிதல் என்றால் நிறைதல். சரக்கு நிறைந்தால் விலை இறங்கும், அப்படித்தான் மலிவு வந்தது. நல்ல சொல். ஆனால் எல்லா ஜெனரிக்கும் மலிவாகக் கிடைப்பதில்லை. சில கம்பெனிகள் ஜெனரிக் அட்டையிலும் உச்ச விலையை உயர்த்தி அச்சிட்டு, கடைக்காரருக்கு மட்டும் அடிவிலைக்குக் கொடுக்கின்றன. லாபம் கல்லாவுக்குப் போகிறது. நமக்கு விலை அப்படியே. இன்னொரு பக்கம், பாராசிட்டமால் மாதிரி அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவரம்பு இருக்கிறது. எந்தப் பெயரில் விற்றாலும் அதைத் தாண்ட முடியாது. அதனால் அங்கே வித்தியாசம் கொஞ்சம்தான். இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்த கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. மாதச் செலவு ஏறுவதும், விலையை ஒப்பிட்டால் பலன் தெரிவதும் அங்கேதான்.

ஒப்பிடுவது என்றதும் ‘உப்பு’ ஞாபகம் வருகிறது. கடைக்காரர்கள் மூல மருந்தை ‘சால்ட்’ என்பார்கள். மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு, ஆம்லோடிபின் பெசிலேட் எல்லாம் வேதியியலில் உப்புகளே. பாராசிட்டமால் உப்பே கிடையாது, அதையும் சால்ட் என்றுதான் சொல்வார்கள். கடைப் பேச்சு, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு மொழிபெயர்ப்பாளர் அதைப் பிடித்து ‘ஒரே உப்பு உள்ள மருந்தைத் தேர்ந்தெடுங்கள்’ என்று பிரஷர்காரர்களுக்கான துண்டுச்சீட்டில் எழுதியிருந்தார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார், துண்டுச்சீட்டு உப்பைப் பார்த்து வாங்கச் சொல்கிறது. இவர்கள் தாம் எழுதியதைத் தாமே ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க மாட்டார்களா? ‘மாற்று மருந்து’ என்பதும் இதே ஜாதி. தமிழில் அது விஷத்தை முறிக்கும் மருந்து. ‘மாற்று மருத்துவம்’ வேறு பக்கத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஜெனரிக்கைத் தள்ளிவிட்டால் அது எப்படி மூச்சு விடும்?

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘இனப்பெயர் மருந்து’ என்று எழுதலாம் என்கிறார். லத்தீன் மூலத்துக்கு நேர்தான். ஆனால் இன்றைய தமிழில் இனம் என்ற சொல் எங்கெங்கோ போய்விட்டது. மருந்துக்கடை வாசலில் அந்த வம்பு வேண்டாம். ‘மூலப்பெயர் மருந்து’ என்பதை நான் முழுக்க ஒதுக்க மாட்டேன், அதில் பெயர் இருக்கிறது. ஆனால் மூலம் என்றதும் நம்மவர்களுக்கு எந்த நோய் நினைவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் ஓட்டு ‘பொதுப்பெயர் மருந்து’க்கு. பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்ற பாகுபாட்டைப் பள்ளி இலக்கணத்திலேயே படித்துவிட்டோம். பறவை காரணப் பொதுப்பெயர், மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். பாராசிட்டமால் ஒரே பொருளின் பெயர்தானே, அது எப்படிப் பொதுப்பெயராகும் என்று இலக்கண வாத்தியார் மடக்கலாம். ஆகும். செய்கிறவர் எல்லாருக்கும் அது பொது. இந்தப் பெயர்கள் பொதுச்சொத்து என்று உலக நலவாழ்வு நிறுவனமே சொல்கிறது. எந்தக் கம்பெனியும் அவற்றைத் தனதென்று பதிந்துகொள்ள முடியாது. பொதுப்பெயர் என்றால் எல்லாருக்கும் உரிய பெயர். இதற்கு மேல் பொருத்தம் பார்க்க ஜோசியரிடமா போக வேண்டும்?

எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது பிராண்டுக்கு, ‘வணிகப்பெயர்’ போதும். மக்கள் ‘கம்பெனி மருந்து’ என்கிறார்கள். பொதுப்பெயர் மருந்தையும் கம்பெனிதானே செய்கிறது என்பதால் அதில் தெளிவில்லை. செட்டிநாட்டுக்காரர்களுக்குப் புரியவைக்க எனக்கு ‘விலாசம்’ கை கொடுக்கிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துக் கடைக்கு விலாசம் வைத்தார்கள். ஒரே தெருவில் பத்துக் கடை, பத்து விலாசம்; வியாபாரம் ஒன்றுதான். மாத்திரை அட்டையில் பளிச்சென்று தெரியும் பெயர் அந்த விலாசம். விலாசத்துக்கு மதிப்பு உண்டு, நாணயத்தைக் கட்டிக் காத்த பெயர் அது. ஆனால் அதற்கு எவ்வளவு கூடுதலாகத் தருகிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். விலாசம் பொதுப்பெயராகிப் போவதும் நடக்கும்: ‘ஆஸ்பிரின்’ முதலில் பேயர் கம்பெனியின் வணிகப்பெயர். 1921இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, மக்கள் வாயில் அது பொதுப்பெயராகிவிட்டது என்று தீர்ப்பளித்தது.

சொல்லைச் சரியாக வைத்துக்கொண்டால் விலையை ஒப்பிடுவது சுலபம். அட்டையில் பொதுப்பெயரைத் தேடுங்கள். ஒற்றை மருந்துள்ள மாத்திரைகளில் அதை வணிகப்பெயரைவிட இரண்டு எழுத்தளவு பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. அப்புறம் மில்லிகிராம் ஒன்றா, மெதுவாகக் கரையும் வகையா சாதாரணமா என்று பாருங்கள், மெட்ஃபார்மினில் ‘எஸ்.ஆர்.’ என்றிருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. அட்டைக்கு அட்டை விலை பார்க்காதீர்கள். ஒன்றில் பத்து இருக்கும், இன்னொன்றில் பதினைந்து இருக்கும். ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 2008இல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில், முன்னணி வணிகப்பெயர்களைவிட விலை 50 முதல் 80 விழுக்காடு குறைவு என்பது அரசு சொல்லும் கணக்கு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இரண்டிலும் விசாரித்துவிட்டு மற்றக் கடைக்குப் போகலாம்.

டாக்டர் சீட்டில் வணிகப்பெயரை எழுதியிருந்தால், அட்டவணை எச் மருந்துகளில் (சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை) கடைக்காரர் தானாக வேறொன்றை மாற்றித் தரச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் சீட்டு எழுதும்போதே, “பொதுப்பெயரில் எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று கேட்க வேண்டும். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அப்படி எழுதுவதைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. தரத்தில் எல்லாரும் ஒரே சீராக இல்லை என்பது மருத்துவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தரக்கேடு விலாசம் பார்த்து வருவதில்லை. அதற்கு மருந்தாலையைச் சோதிப்பதுதான் வழி, பெயரை மறைப்பதல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் பொதுப்பெயரில்தான் ஒப்பந்தப்புள்ளி கோரி, தரம் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. இன்சுலின் போல உயிரணுக்களில் வளர்த்தெடுக்கும் மருந்துகளில் பின்னால் வருபவை முன்னதற்கு மிக நெருக்கமாக இருக்கும், அச்சு அசலாக இருக்காது. அவற்றை ‘பயோசிமிலர்’ என்கிறார்கள். தமிழில் ‘உயிரொப்பு மருந்து’ சரியாக இருக்கும். செய்தித்தாள்கள் அதையும் ‘பொது மருந்து’க் கூடையில் போடுகின்றன. விலை குறைவு என்று கடையிலேயே முடிவெடுத்து இன்சுலினை மாற்றிவிடாமல், டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.