குதிரையின் கால் தாழ்கிறதா? ஊசிக்கு முன் ஒரு கேள்வி

தை, மாசியில் வண்டிப் பந்தயங்கள் முடிந்த கையோடு நொண்டும் குதிரைகள் வரத் தொடங்கும். "ஒரு ஊசியப் போட்டு விடுங்க டாக்டரே, அடுத்த பந்தயத்துக்கு ஓடணும்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. ஊசி இருக்கட்டும். கோளாறு ஒரு காலிலா, இரண்டு காலிலா?

குளம்புக்கு மேலுள்ள மூட்டைப் பின்னாலிருந்து தொட்டில் போலத் தாங்குவது ஒரு தசைநார். ஓட்டத்தில் அது கிழிந்தால் பெரும்பாலும் ஒரே காலில், திடீரென, வீக்கமும் சூடுமாகத் தெரியும். ஓய்வு கொடுத்து, ஸ்கேனில் ஆறுவதைப் பார்த்து, கையில் பிடித்து நடத்துவதில் தொடங்கி மெல்ல வேலையைக் கூட்டினால் பல மாதங்களில் தேறிவிடும் குதிரைகள் உண்டு.

இதே தசைநார் மெல்ல மெல்ல நைந்து தளரும் தேய்வு நோய் அப்படியல்ல. பெரும்பாலும் இரண்டு பின்னங்கால்களிலும், சிலவற்றில் நான்கிலும், அடி பட்ட கதை எதுவும் இல்லாமல் வரும். மூட்டு தரையை நோக்கித் தாழும். பெரு நாட்டு பாசோ இனத்தில் அதிகம் பேசப்பட்டாலும் மற்ற இனங்களையும் விடுவதில்லை. புரோட்டியோகிளைக்கன் என்ற பொருள் தசைநாரில் அளவுக்கு மீறிச் சேர்வதை 2006-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இதைத் திருப்பும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே, எப்போது ஓடும் என்ற கேள்வியே இங்கே எழாது. வலி குறைந்து எப்படி வாழும் என்பதைத்தான் முடிவு செய்கிறோம்.

வண்டியிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். ஆனால் கொட்டிலிலேயே கட்டிப்போடாதீர்கள். சமதரையில் தானாக நடமாடட்டும். ஆற்று மணலில் நடத்தினால் கால் பலப்படும் என்பார்கள். ஆழமான மணலில் இந்தத் தசைநாருக்குத்தான் இழுவிசை கூடும். பின்பக்கம் சற்று நீண்ட லாடம் சிலவற்றுக்கு உதவுகிறது. காய்ச்சிய கம்பியால் சூடு போடுவது தோலைத்தான் பொசுக்கும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதே எனக்கு எரிச்சல்.

வலி மருந்தை மருத்துவர் எழுதித் தந்த அளவில் மட்டும் கொடுங்கள். மீறினால் குடல் புண்ணாகும், சிறுநீரகம் கெடும். கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் 2006-லும், கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டும் 2023-லும் இந்தியாவில் தடை செய்யப்பட்ட வலி மருந்துகள்; இவை தங்கிய சடலத்தைத் தின்று மடியும் பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்கத்தான் அந்தத் தடை. மெடிக்கலில் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள்.

"ஓடாட்டிப் பரவாயில்ல, பெட்டைதான, ஒரு ஈத்து எடுத்துக்கிடலாமா?" என்றும் கேட்பார்கள். வேண்டாம். இது சில வம்சங்களில் தொடர்ந்து வருவதாகத் தெரிகிறது; சினைப் பாரமும் அதே கால்களில்தான் இறங்கும்.