அன்னா சாண்டியும் ஐயாயிரம் ரூபாய்ச் சட்டமும்

பத்மநாபபுரம் நீதிமன்றத்தில் வேலை முடிந்து தக்கலையில் உள்ள அலுவலகத்துக்கு வந்தபோது, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா காத்திருந்தார். கையில் துணிப்பை. அதற்குள் மலையாள எழுத்தில் ஒரு பழைய ஆதாரம், அதாவது நிலப் பத்திரம். அதன்மேல் புதிதாகத் தட்டச்சு செய்த, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம்.

"தம்பி நாளைக்குப் பதிவுக்கு வரச் சொல்லியிருக்கிறான். வெறும் கையெழுத்துதானே மக்களே, போட்டுக்கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பேத்திதான் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றாள்."

அப்பாவின் விளை, அதாவது தோட்டம், நாற்பது சென்ட். ரப்பர் நிற்கிறது. அப்பா இறந்தது 1970களில். அம்மாவும் இப்போது இல்லை. இருவருமே உயில் எழுதவில்லை. பிள்ளைகள் இரண்டு பேர்தான். ஏன் எழுதிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "எனக்குத்தான் கல்யாணத்திலேயே சீதனம் கொடுத்துவிட்டார்களே" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்காத மாதமே எனக்கு இல்லை. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இவரைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் இங்கே இதுதான் சட்டம். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலே போதும். விதவைக்கோ ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும்.

அந்தச் சட்டம் நடப்பில் இருந்த சமஸ்தானத்தில்தான் அன்னா சாண்டி சட்டம் படித்தார். 1905இல் திருவனந்தபுரத்தில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1926இல் சட்டப் பட்டம். கேரளத்தில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். பெண்களுக்கு அரசு வேலை வேண்டாம் என்று ஒரு பிரமுகர் மேடையில் பேசியபோது, எதிர்வழக்குரை தாக்கல் செய்வதுபோல அவரை வாதியாக நிறுத்தி, ஒவ்வொரு வாதமாக எடுத்து மறுத்தார். 1930இல் 'ஸ்ரீமதி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பெண்களுக்குத் தூக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்திருந்ததைக்கூட அவர் ஏற்கவில்லை. தூக்குத் தண்டனையே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. ஆனாலும், ஆதாயம் தரும் சலுகையைக்கூட வேண்டாம் என்று சொன்ன அந்த மன உறுதி எனக்குப் பிடிக்கும்.

1937இல் அவர் முன்சீப், அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதி, ஆனார். இந்தியாவில் நீதிபதி இருக்கையில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். அன்றைக்கு நாகர்கோவிலும் தக்கலையும் குழித்துறையும் அதே சமஸ்தானத்தில்தான் இருந்தன. 1948இல் மாவட்ட நீதிபதி. 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. நாட்டில் எந்த உயர் நீதிமன்றத்திலும் அதுவரை ஒரு பெண் அமர்ந்ததில்லை. அதற்குள், 1956 நவம்பர் 1 அன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டமான நம் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டன.

மாநிலம் மாறியும் பழைய சட்டத்தின் வால் போகவில்லை. அது செல்லுமா, செல்லாதா என்று 1970களில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே மாறுபட்ட தீர்ப்புகள் வந்தன. கேரளத்தைச் சேர்ந்த சிரியன் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம்தான் முடிவு சொன்னது: 1951 ஏப்ரல் 1 முதலே பழைய சட்டம் இல்லை, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி, உயில் எழுதாமல் ஒரு கிறிஸ்தவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமில்லாமல் சமமாக. சீதனத்தைக் கழிக்கச் சொல்லும் பிரிவு எதுவும் அதில் இல்லை. இந்துக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. ஆனால் 'சீதனம் கொடுத்தாயிற்று, பங்கு இல்லை' என்ற பேச்சு அங்கேயும் எடுபடாது.

விடுதலைப் பத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதிவான பிறகு, 'எனக்கு வாசித்துக் காட்டவில்லை' என்று வந்து அழுகிறவர்கள் பலர். அதை ரத்து செய்ய வழக்குப் போட, விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். வாசித்துக் காட்டவில்லை என்பதை நிரூபிப்பது அதைவிடப் பெரும்பாடு. பத்திர நகலை ஒரு நாள் முன்னதாகவே வீட்டுக்கு வாங்கிவந்து வாசியுங்கள், அல்லது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அந்த அம்மாவிடம் "இருபது சென்ட் உங்களுடையது" என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவைக் கடைசிவரை அவன்தான் பார்த்தான்" என்றார். அது அவர் முடிவு செய்ய வேண்டியது என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பியோடு வந்தார். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினோம். தம்பிக்கு இருபத்தைந்து, அக்காவுக்குப் பதினைந்து. அந்த ஐந்து சென்டை அவர் வாயாலேயே சொல்லி எழுதச் சொன்னார்.