உறைந்த தோளுக்கு ஊசி போடுமுன்

"தலை வாரக் கை எழவில்லை, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் கலைந்துவிடுகிறது." மாதக்கணக்கில் மாத்திரையும் தைலமுமாகக் கழித்துவிட்டு வருகிறவர்கள் சொல்வது இதைத்தான். அடுத்துக் கேட்பது, "ஆபரேஷன் செய்ய வேண்டுமா டாக்டர்?" பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. ஆனால் வந்தவுடன் ஊசி போட்டு அனுப்பவும் மாட்டேன்.

முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்வேன். அவராலும் முடியவில்லை, நான் பிடித்துத் திருப்பினாலும் நகரவில்லை என்றால் உறைந்த தோளாக இருக்கலாம். தானாகத் தூக்க முடியாத கை, நான் தாங்கித் தூக்கும்போது எழுந்தால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் கோளாறு என்று சந்தேகிப்பேன். வலி முழங்கைக்குக் கீழே இறங்கி விரல்கள் மரத்துப்போனால், பார்க்க வேண்டியது கழுத்தை. இதைப் பிரித்தறியாமல் தோளில் குத்தும் ஊசி வீண்.

உறைந்த தோளில், மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. 40 முதல் 60 வயதுக்குள், அதிலும் சர்க்கரை நோயாளிகளுக்கு, இது அதிகம். வலி மிகுந்த ஆரம்பக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நன்றாகவே பலன் தரும். இறுக்கம் கூடியிருந்தால் உப்புநீர், மரப்பு மருந்து, சிறிது ஸ்டீராய்டு ஆகியவற்றைச் செலுத்தி அந்த உறையை உள்ளிருந்து விரிக்கலாம். அல்ட்ராசவுண்டில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே செய்வதால் மருந்து சேர வேண்டிய இடத்தில் சேரும். அன்றே வீடு திரும்பலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாட்கள் அளவு ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கக் கூடாது. "போன தடவை போட்ட ஊசியையே மறுபடி போடுங்கள்" என்று அடிக்கடி வந்தால் மறுத்துவிடுவேன். ஸ்டீராய்டு திரும்பத் திரும்பப் பட்டால் தசைநாண் நலிவடையும்.

மூட்டுத் தேய்ந்த, மயக்க மருந்து தாங்காத முதியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தோள் மூட்டின் உணர்வில் பெரும்பகுதியைச் சுமப்பது, தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்புப் பள்ளம் வழியாகச் செல்லும் ஒரே நரம்பு. அதைத் தற்காலிகமாக மரக்கச் செய்து வலி குறைகிறதா என்று பார்ப்போம். குறைந்தால், வெப்பம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி, ரேடியோ அலைகளை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அங்கே செலுத்துவோம். நரம்பு கருகாது, வலிச் சமிக்ஞை மட்டும் தணியும்.

தசைநாணில் சுண்ணாம்பு படிந்திருந்தால் ஊசி வழியாகவே அதைக் கழுவி எடுக்கலாம். சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுக்களை (பிளேட்லெட்) செலுத்தும் முறையில் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதற்கு நான் உறுதி தருவதில்லை.

ஊசிக்குப் பிறகு வலி போய்விட்டதென்று பயிற்சியை விட்டவர் ஒருவர், இரண்டே மாதத்தில் அதே இறுக்கத்தோடு திரும்பி வந்தார். வலி அடங்கியிருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் கையை அசைத்து மீட்கக் கிடைக்கும் காலம் என்பதை அவருக்கு நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் பிசியோதெரபிக்கு நாள் குறித்துக்கொண்ட பிறகே ஊசியைக் கையில் எடுக்கிறேன்.

தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் என்னைத் தேடி வராதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினாலும் அப்படித்தான். விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் தசைநாண் முழுதாகக் கிழிந்திருக்கக்கூடும். அதற்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்; அங்கே ஊசி போட்டு நாளைக் கடத்துவது தவறு.